சகாயராஜ் வாங்கிவந்த அம்பாசடர்

திருவையாற்றைச் சுற்றியுள்ள ஊர்களில் சகாயராஜைத் தெரியாத விவசாயி குறைவு. பம்புசெட் மோட்டார் புகைந்து நின்றுவிட்டால் அதைக் கழற்றி டிராக்டரில் போட்டுக்கொண்டு அவர் கடைக்குத்தான் வருவார்கள். கருகிப்போன செம்புக்கம்பிச் சுருளை வெட்டி எடுத்துவிட்டுப் புதுக்கம்பி சுற்றிக் கொடுப்பது அவர் தொழில். காயில் கட்டுவது என்பார்கள். பயிர் காய்கிறது என்று பதறிக்கொண்டு நிற்பவர்களிடம் அவர் அதிகம் பேசமாட்டார். மோட்டாரை முகர்ந்து பார்ப்பார், தலையை ஆட்டுவார், சொன்ன நேரத்துக்குக் கொடுத்துவிடுவார். ஆயுள் பாதிக்குமேல் அந்த ஒரு தொழில்தான். அவர் கைக்கு வந்த எந்த மோட்டாரும் பாதியில் கிடந்ததில்லை.

அவர் வீட்டுக் கொட்டகையில் நின்ற கார் மட்டும் பாதியிலேயே கிடந்தது.

அது நீலநிற ஸ்டாண்டர்டு ஹெரால்டு. கும்பகோணத்தில் வீட்டை விற்றுவிட்டுப்போன ஒரு டாக்டர் குடும்பத்திடம் வாங்கியது. மகள் சான்ட்ரா அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். டிராக்டரில் கயிறு கட்டி இழுத்துவந்து, தெருமுனையில் கயிறு அறுந்து, மிச்ச தூரத்துக்குத் தெருவே சேர்ந்து தள்ளியது. அதற்குப் பிறகும் அந்தத் தெரு அந்தக் காரைத் தள்ளித்தான் பார்த்திருக்கிறது. எஞ்சினைக் கிளப்பிப் பார்க்கிறேன் என்று அவர் கொட்டகையிலிருந்து அதை வெளியே எடுக்கும்போதெல்லாம் நாலு பேர் பின்னால் கை வைக்கவேண்டும். எதிர்வீட்டு ரெஜின் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதல் ஆளாக வந்து நிற்பார். தள்ளிவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டே கேட்பார்: "அண்ணே, இந்தக் கிறிஸ்துமஸுக்கா, இல்ல சான்ட்ராவோட புள்ள கல்யாணத்துக்கா?" சான்ட்ராவுக்கே அப்போது கல்யாணம் ஆகியிருக்கவில்லை. இப்போது ஆகி, திருச்சியில் இருக்கிறாள்.

சகாயராஜ் சிரித்துக்கொள்வார். அவருக்கு இருந்தது ஒரே ஆசைதான். தன் எஞ்சின் சத்தத்தில் தானாக ஓடிவரும் ஒரு பழைய காரில், மனைவி அருள்ஜோதியை உட்காரவைத்துக்கொண்டு, அந்தத் தெருவுக்குள் திரும்பவேண்டும். யாரும் பின்னால் கை வைக்கக் கூடாது. இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை, அருள்ஜோதியிடம் தவிர. ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியராக இருக்கும் அருள்ஜோதி, அதைக் கேட்டுச் சிரிக்கவில்லை. "திரும்பும்போது ஹாரன் அடிக்காதீங்க, மானம் போயிடும்" என்று மட்டும் சொன்னாள்.

ஹெரால்டைக் கெடுத்தது உண்மையில் துருவா, அண்ணன் பாசமா என்று சொல்வது கடினம். நிலத்தைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் மதலைமுத்து ஒரு மழைக்காலத்தில் உர மூட்டைகளோடு வந்தார். கொட்டகைத் தரை ஓதமாக இருக்கிறது, மூட்டை கட்டிப்போகும், கார்தான் உயரமாக இருக்கிறதே, சீட்டையும் கழற்றித்தானே வைத்திருக்கிறாய் என்றார். அண்ணனிடம் மாட்டேன் என்று சொல்லிச் சகாயராஜுக்குப் பழக்கமில்லை. காருக்குள் பொட்டாஷ் மூட்டைகளை அடுக்கினார்கள். அடுத்த மழைக்கும் அடுக்கினார்கள். பொட்டாஷ் என்பது உப்புதான்; ஈரக்காற்றைக் குடித்துக் கசியும். மேலே பெயிண்ட் பளபளவென்று இருக்க, கீழே தரைத் தகடு அப்பளமாகிக்கொண்டிருந்தது யாருக்கும் தெரியவில்லை.

இந்த வருடம் பொங்கல் கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹெரால்டின் எஞ்சின் முதல்முறையாகத் தானாகப் பிடித்தது. சகாயராஜ் சமையலறை வாசலுக்கு ஓடி அருள்ஜோதியைக் கூப்பிட்டார். பூசைக்குப் போய்வந்த புடவையோடு அவள் வந்தாள். கதவைத் திறந்துவிட்டார். வலது காலை உள்ளே வைத்தாள். கால் நிற்கவில்லை. தரையைப் பொத்துக்கொண்டு கணுக்கால்வரை கீழே போய்விட்டது. அவள் கத்தக்கூட இல்லை; கதவைப் பிடித்துக்கொண்டு தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். துருப்பிடித்த தகடு சதையைக் கிழித்திருந்தது.

அன்று சகாயராஜ் காரைத் திரும்பிப் பார்க்கவில்லை. எஞ்சினை அணைக்கக்கூட அவருக்கு நினைவு வரவில்லை. அவளைத் தூக்கி மொபெட்டில் உட்காரவைத்து, ரத்தம் சொட்டச் சொட்ட ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். தையல் போட்டு முடித்ததும், இனி இந்தக் கார்ப் பைத்தியத்தைப் பற்றி என்ன கேட்கப்போகிறோமோ என்று தலைகுனிந்து உட்கார்ந்திருந்தவரிடம் அருள்ஜோதி சொன்னாள்:

"அத எடைக்குப் போட்டுடுங்க. வேற ஒண்ணு வாங்குங்க. கெட்டியானதா."

அவர் நிமிர்ந்தார். "வேற காரா?"

"கால் வச்சா கால் நிக்கிறதா இருக்கணும். அவ்வளவுதான்."

இத்தனை வருடம் கூட வாழ்ந்தும் இவளைத் தனக்குத் தெரியவில்லையே என்று அவருக்குத் திகைப்பாக இருந்தது. பழைய இரும்பு வண்டிக்காரர் வந்து ஹெரால்டைத் துண்டு துண்டாக அறுத்து எடுத்துப்போனார். கொட்டகை பெரிதாகத் தெரிந்தது.

அதன் பிறகு அவர் மாவட்டம் பூராவும் கார் பார்த்தார். ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய வட்டக் காந்தம் ஒன்று எப்போதும் சட்டைப்பையில் இருந்தது. துருத் துளையைப் பட்டி பூசி அடைத்திருந்தால் அந்த இடத்தில் காந்தம் ஒட்டாது. பட்டுக்கோட்டையில் ஒரு காரில் கதவு முழுக்கக் காந்தம் வழுக்கியது. மன்னார்குடியில் ஒன்று, விற்பவர் கதவைச் சாத்திக்காட்டியபோது கீழே ஒரு கைப்பிடி துரு உதிர்ந்தது. அவர் காந்தத்தைப் பையில் போட்டுக்கொண்டு பேசாமல் திரும்பிவருவார்.

ஈஸ்டர் முடிந்த வாரத்தில்தான் திருப்பனந்தாள் பக்கத்திலிருந்து லியாகத் அலி என்பவரின் போன் வந்தது. முன்பு அரிசி மில் வைத்திருந்தவர். கண் அறுவைக்குப் பிறகு ஓட்டுவதில்லை, பிள்ளைகள் சிங்கப்பூரில், வண்டி சும்மா நிற்கிறது என்றார். அருள்ஜோதி அன்று விடுப்பு எடுத்துக்கொண்டு கூடவே வந்தாள். பஸ்ஸில் போனார்கள். எல்லாம் சரியாக இருந்தால் காரில் திரும்புவது என்று பேச்சு.

பாதாம் பருப்பின் உள்நிறத்தில் ஒரு அம்பாசடர், மார்க் டூ. லியாகத் அலி கதவைக்கூடத் திறந்துகாட்டவில்லை. ஒரு சாக்கை எடுத்துத் தரையில் விரித்தார். "மேலுக்குப் பாக்காதீங்க. படுத்துப் பாருங்க" என்றார்.

சகாயராஜ் படுத்தார். காந்தத்தை வைத்த இடமெல்லாம் வெடுக்கென்று பிடித்துக்கொண்டது. விரல்முட்டியால் தட்டினால் கனத்த சத்தம். முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம்வரை ஒரு ஊசிமுனைத் துளைகூட இல்லை. எங்கே போய் வந்தாலும் அடியைக் கழுவித் துடைத்துக் கருப்பு பெயிண்ட் அடித்துவைப்பாராம் மனிதர். சகாயராஜ் வெளியே வந்தபோது முகத்தில் இருந்த அழுக்கையும் மீறி அவர் சிரிப்பது அருள்ஜோதிக்குத் தெரிந்தது. அவள் செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்சீட்டுப் பக்கம் ஒரு காலை வைத்து அழுத்திப் பார்த்தாள். நின்றது. விலை பேசுவதற்கு அதிக நேரம் ஆகவில்லை.

சர்பத்து கொண்டுவந்த லியாகத் அலியின் மனைவி கமருன்னிஸா, ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடவேண்டும் என்றார். பின்கதவுகள் இரண்டுக்கும் உள்கைப்பிடி கிடையாது. ஓடுகிற வண்டியில் பேரன் ஒருமுறை கதவைத் திறந்துவிட்டான். அன்றைக்கே தாத்தா கைப்பிடிகளைக் கழற்றிப் போட்டுவிட்டார். கண்ணாடியும் நாலு விரல் அகலத்துக்குமேல் இறங்காது. "நான் இந்த வண்டில மகாராணிம்மா" என்று அருள்ஜோதியிடம் சொன்னார். "இவரு எறங்கி, சுத்தி வந்து, கதவத் தொறந்தாத்தான் எறங்குவேன். ஒரு தடவ மண்டபத்து வாசல்ல விட்டுட்டு சீட்டுக்கட்டு ஆடப் போயிட்டாரு. கல்யாணச் சோத்தையே உள்ள கொண்டாந்து குடுத்தாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். சகாயராஜும்தான். கைப்பிடி மாட்டுவது ஒரு வேலையா, நாளைக்கே மாட்டிவிடலாம் என்றார்.

லியாகத் அலி பின்னறையிலிருந்து உதிரிபாகங்களை எடுத்துக் கொடுத்தார். கார்புரேட்டர், டைனமோ, கியர்பெட்டி, இன்னும் என்னென்னவோ, எல்லாம் எண்ணெய் பூசிக் காகிதத்தில் சுற்றியவை. இப்போது எங்கே தேடினாலும் கிடைக்காது. சகாயராஜ் அவற்றைப் பின்னால் போடவில்லை. பிரேக் போட்டால் உருண்டு அடிபடும் என்று முன்சீட்டில், தன் கைக்கு எட்டுகிற இடத்தில், சாக்கு விரித்து ஒவ்வொன்றாக அடுக்கினார். அருள்ஜோதி பின்னால் ஏறிக்கொண்டாள். "முதலாளியம்மா மாதிரி இருக்கு" என்றாள். அவர்தான் சுற்றிப்போய்க் கதவைச் சாத்தினார்.

வண்டி கிளம்பியது. அந்த எஞ்சின் சத்தத்தை அவர் உடம்பால் கேட்டுக்கொண்டிருந்தார். ஞாயிறு பூசைக்குப் பிறகு சாமியாரிடம் வண்டியை மந்திரித்துத் தரச் சொல்லவேண்டும், அதுவரை வெளியூர் எடுக்கவேண்டாம் என்று அருள்ஜோதி பின்னாலிருந்து ஏதேதோ திட்டம் சொல்லிக்கொண்டு வந்தாள். அவர் ம், ம் என்றார். சாயங்காலத்துக்குள் தெருவுக்குள் திரும்பிவிடலாம். ரெஜின் வேலை முடிந்து வாசலில்தான் நிற்பார்.

ஒரு கிராமத்தைத் தாண்டியதும் சாலையின் குறுக்கே உளுந்துச் செடி கிடந்தது. நெல் அறுத்த வயலில் போட்ட உளுந்தைப் பிடுங்கிக் காயவைத்து, தார்ச்சாலையில் கனமாகப் பரப்பிவைப்பது அங்கே வழக்கம். போகிற வருகிற வண்டிகள் ஏறி நசுக்கிக் காயை உடைத்துக் கொடுத்துவிடும். வெளியூர்க்காரர்கள் முகம் சுளித்துக்கொண்டு ஓரமாக ஒதுங்கிப் போவார்கள். விவசாயி வீட்டில் பிறந்தவர்கள் அப்படிப் போகமாட்டார்கள். நடுவில் ஏற்றி, மெதுவாக, நன்றாக நசுங்கும்படி போவார்கள். சகாயராஜும் அப்படித்தான் போனார்.

முக்காட்டுத் துண்டோடு கவைக்கம்பால் செடியைப் புரட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் கையைக் காட்டி நிறுத்தினாள். அவள் பெயர் மங்களாம்பிகை என்பது பிறகுதான் தெரிந்தது.

"அண்ணே, வண்டி நல்ல கனமா இருக்கு. ஒரு தடவ பின்னால எடுத்து, திருப்பி ஏத்திட்டுப் போங்களேன். காலையிலேருந்து டிவிஎஸ்ஸாத்தான் வருது. ஒண்ணும் ஒடைய மாட்டேங்குது."

கனமா இருக்கு என்ற சொல் சகாயராஜுக்கு உச்சியில் ஏறியது. பின்னால் எடுத்தார். திருப்பி ஏற்றினார். காய்கள் நொறுங்கும் சத்தம் சக்கரத்துக்கடியில் படபடவென்று கேட்டது. மங்களாம்பிகை சிரித்தாள். அவர் கேட்காமலே மறுபடி பின்னால் எடுத்தார். "போதுங்க, கெளம்புங்க" என்றாள் அருள்ஜோதி. இன்னும் ஒரே தடவை என்று இன்னும் இரண்டு தடவை ஏற்றிவிட்டுத்தான் கிளம்பினார். கொடி கொடியாகக் கிடந்த அந்தக் காய்ந்த செடி, காருக்கு அடியில் சுழன்ற தண்டில் சுற்றிச் சுற்றி, கொதித்துக்கொண்டிருந்த புகைக்குழாயோடு அழுந்திக்கொண்டது அவருக்குத் தெரியவில்லை.

கொஞ்ச தூரம் போயிருப்பார்கள். பேச்சை நிறுத்தி அருள்ஜோதி சொன்னாள்: "என்னங்க, ஏதோ கருகுற வாடை."

அவருக்கும் வந்தது. பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் பார்த்தார். பின்னால் சாலையே தெரியவில்லை, மஞ்சளாகப் புகை. வண்டியை ஓரம் கட்டினார். சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தார். கதவைத் திறந்துகொண்டு குதித்தார். நேரே முன்னால் ஓடி, பானட்டைத் தூக்கினார்.

அங்கே புகை இல்லை. எல்லாம் சுத்தமாக, லியாகத் அலி துடைத்துவைத்தபடி இருந்தது. பேட்டரியின் திருகைப் பிடித்தார். கெட்டியாக இருந்தது. வேட்டி நுனியைச் சுற்றிப் பிடித்துத் திருப்பினார். எங்கோ பட் பட்டென்று சத்தம் கேட்டது. அடியில் செடி வெடிக்கிறது என்று நினைத்தார். நெருப்பு ஒயருக்கு வரக் கூடாது, வருவதற்குள் கழற்றிவிடவேண்டும் என்று கைகள் வேலை செய்தன. திருகு கழன்றது. ஒயரை இழுத்து அப்பால் மடக்கினார். பட் பட் சத்தம் நிற்கவில்லை. தூக்கிய பானட் ஒரு பெரிய பலகைபோல முன்னால் நின்று வண்டியின் உட்பக்கத்தை மறைத்திருந்தது.

யாரோ ஓடிவரும் சத்தம். ஒரு பெண் குரல் கத்தியது. கதவு திறக்கும் சத்தம்.

கையில் திருகோடு பானட்டைச் சுற்றி வந்து பார்த்தார். மங்களாம்பிகை அருள்ஜோதியை இரண்டு அக்குளிலும் கை கொடுத்து வெளியே இழுத்துக்கொண்டிருந்தாள். அருள்ஜோதி சாலையோரத்தில் முழங்கால் போட்டு விழுந்தாள். இருமினாள். இருமி இருமி, வாந்தி வரும்போல் குனிந்தாள். பின்சீட்டு முழுக்கப் புகை. கதவுக் கண்ணாடியில் அவள் கைகளின் அச்சு, ஒன்றன்மேல் ஒன்றாக, நிறையப் பதிந்திருந்தது.

பட் பட் என்று கேட்டது அதுதான்.

சகாயராஜ் நின்ற இடத்திலேயே நின்றார். உள்ளங்கையில் திருகு சுட்டது. அது சூடாக இருக்க வழியில்லை, ஆனாலும் சுட்டது.

அதற்குள் வயல் பக்கமிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள். மங்களாம்பிகை கவைக்கம்பைக் காருக்கு அடியில் விட்டு எரிகிற செடியைக் கொத்துக் கொத்தாக இழுத்து வெளியே போட்டாள். ஒருவர் சாலையோரத்து மண்ணை வாரி வாரி இறைத்தார். போர்செட்டிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் வந்தது. நெருப்பு பெரிதில்லை, புகைதான் பெரிது. கொஞ்ச நேரத்தில் அணைந்துவிட்டது. காருக்கு ஒன்றும் ஆகவில்லை. அடிப்பக்கம் கரி பிடித்திருந்தது, அவ்வளவுதான். ஒருவர் குனிந்து பார்த்துவிட்டு, தகடு என்னா கெட்டி, பழைய காலத்து இரும்பு, அதான் தீ உள்ள ஏறல என்றார். கதவு இடுக்கு வழியாகப் புகைதான் ஏறியிருக்கிறது. வேறு காராக இருந்திருந்தால் என்று ஆரம்பித்து, அருள்ஜோதியைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

மங்களாம்பிகை அழுதுவிட்டாள். தன் உளுந்தால்தானே வந்தது, தான்தானே திருப்பி ஏற்றச் சொன்னது என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அருள்ஜோதிக்குத் தண்ணீர் கொடுத்து, முகத்தைத் துடைத்துவிட்டாள். பிறகு, குற்றம் சாட்டுகிற குரலில் இல்லை, நிஜமாகவே புரியாமல், சகாயராஜைப் பார்த்துக் கேட்டாள்:

"அண்ணே, அக்கா உள்ள கண்ணாடியப் போட்டு அந்த அடி அடிக்கிறாங்க. நீங்க அங்க என்னத்தத் தேடிட்டு இருந்தீங்க?"

சகாயராஜ் கையைத் திறந்து திருகைப் பார்த்தார்.

கூட்டத்தில் ஒரு பெரியவருக்கு அவரைத் தெரிந்திருந்தது. மைத்துனர் வீட்டு மோட்டாரைத் திருவையாறுவரை கொண்டுவந்தவராம். "காயில் கட்டுறவரும்மா இவரு" என்றார். "கருகல் வாடை வந்தா மொதல்ல கரண்ட்டத்தான் நிறுத்துவாங்க. ஆளத் தொடக் கூடாது, லைன கட் பண்ணிட்டுத்தான் தொடணும். அது தொழில் பழக்கம். கை தானா அங்கதான் போவும்."

எல்லோருக்கும் அது போதுமானதாக இருந்தது. ஆமாம் ஆமாம் என்றார்கள். கரண்டு வேலை பார்க்கும் தங்கள் தங்கள் உறவினர்களைப் பற்றி ஒவ்வொருவரும் ஏதோ சொன்னார்கள். சகாயராஜ் தலையை ஆட்டினார். ஆட்டும்போது அருள்ஜோதி தன்னைப் பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது.

தூரத்தில் கும்பகோணம் போகும் மினிபஸ் வந்தது. அருள்ஜோதி எழுந்து, புடவையை உதறி, கையைக் காட்டினாள். கோபமாக இல்லை. நோயாளிக்கு மாத்திரை வேளையைச் சொல்லுகிற அதே குரலில் சொன்னாள்:

"நான் பஸ்ஸுல வந்துடறேன். நீங்க பாத்து வண்டிய எடுத்துட்டு வாங்க."

அவர் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் ஏறிவிட்டாள். பஸ் போனது.

பேட்டரி ஒயரை மாட்டினார். சாவியைத் திருப்பியதும் முதல் சுற்றிலேயே எஞ்சின் பிடித்தது. கும்பகோணம் தாண்டி, சுவாமிமலை, கபிஸ்தலம் வழியாகக் காவிரிக் கரையோடு வந்தார். ஆறு மணலாகக் கிடந்தது. வண்டி ஒரு இடத்திலும் திக்கவில்லை, திணறவில்லை. இவ்வளவு நன்றாக ஓடவேண்டாம் என்று அவருக்கு இருந்தது. எங்காவது நின்றுபோனால், யாராவது வந்து தள்ளினால், தேவலை. முன்சீட்டில் கார்புரேட்டரும் டைனமோவும் சாக்கின்மேல் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தன. ஒவ்வொரு பள்ளத்திலும் அவர் கை தானாக நீண்டு அவற்றைப் பிடித்துக்கொண்டது. இரண்டு மூன்று தடவை அப்படி ஆனபிறகுதான் தன் கை என்ன செய்கிறது என்று பார்த்தார். அதன் பிறகு இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுக்கவில்லை.

தெருமுனையில் திரும்பினார். அவர் நினைத்திருந்தபடியே ரெஜின் வாசலில் நின்றார். பார்த்ததும் இரண்டு கையையும் தூக்கித் தட்டினார். வீட்டுக்கு வீடு ஆட்கள் வெளியே வந்தார்கள். யாரோ பிள்ளைகள் கூடவே ஓடிவந்தார்கள். ஒருவரும் பின்னால் கை வைக்கவில்லை. வைக்கவேண்டியிருக்கவில்லை. இத்தனை வருடம் அவர் மனதுக்குள் ஓட்டிப்பார்த்தது இதைத்தான். அது நடந்துகொண்டிருந்தது, வேறு யாருக்கோ நடப்பதுபோல அதைப் பார்த்துக்கொண்டு இறங்கினார்.

ரெஜின் பானட்டைத் தடவிப் பார்த்தார், கதவைத் திறந்து சாத்திப் பார்த்தார், அண்ணே இது இரும்புப் பெட்டிண்ணே என்றார். அக்கா எங்கே என்று கேட்டார். சகாயராஜ் பதில் தேடிக்கொண்டிருக்கும்போதே தெருமுனையில் அருள்ஜோதி வந்தாள். நடந்து, கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, புடவைக் கரையில் கரியோடு.

"என்னக்கா இது, கார வாங்கிட்டு நீங்க பஸ்ஸுல வர்றீங்க?" என்று ரெஜின் உரக்கக் கேட்டார்.

அருள்ஜோதி காரின் முன்சீட்டைப் பார்த்தாள். "நெறைய சாமான் ஏத்திட்டாங்க" என்றாள். "எனக்கு எடமில்ல."

தெரு சிரித்தது. அண்ணன், பொண்டாட்டிய எறக்கி வுட்டுட்டு கியர்பாக்ஸ ஏத்திட்டு வந்திருக்காருடோய் என்று ரெஜின் ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அருள்ஜோதியும் லேசாகச் சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் காட்டிக்கொடுக்கவில்லை. ஆனால் பொய்யும் சொல்லவில்லை.

கொஞ்ச நேரம் அங்கேயே நின்று, கேட்டவர்களுக்கெல்லாம் என்ன பதில் சொன்னோம் என்று தெரியாமல் பதில் சொல்லிவிட்டு, அவர் உள்ளே போனார். அருள்ஜோதி குளித்துவிட்டு, அடுப்படித் தொட்டியில் கரிபிடித்த புடவையை அலசிக்கொண்டிருந்தாள். ஒரு கையால்தான் அலசினாள். வலது கையை நீருக்கு வெளியே ஒதுக்கிவைத்திருந்தாள். அந்தக் கையின் அடிப்புறம், சுண்டுவிரலிலிருந்து மணிக்கட்டுவரை, கன்றி நீலமாக இருந்தது.

அவர் வாசற்படியில் நின்றார். அவள் திரும்பாமலே கேட்டாள்:

"அந்தப் பெரியவர் சொன்னாரே, தொழில் பழக்கம்னு. அதானே?"

ஆமாம் என்று சொன்னால் போதும். அதற்குமேல் அவள் கேட்கமாட்டாள். கேட்டதை மறுபடி கிளறுகிற ஆள் இல்லை. ஊரே சாட்சி சொன்ன காரணம். அவரே தலையாட்டி ஒத்துக்கொண்டதும்கூட. பஸ்ஸில் வரும்போது அவளும் இதையேதான் தனக்குச் சொல்லிக்கொண்டு வந்திருக்கவேண்டும்.

"இல்ல ஜோதி" என்றார்.

அவள் கை நின்றது.

"சாவியத் திருப்பி அணைச்சேன் பாரு, அது பழக்கம். பானட்டத் தூக்குனது பழக்கமில்ல. ஒயரிங்ல பத்திக்கிட்டா வண்டி போயிடுமேன்னு ஓடுனேன். நீ உள்ள இருக்கறது..." அவர் நிறுத்தினார். "எனக்கு ஞாபகமே இல்ல. நீ அடிச்ச சத்தம் கேட்டுச்சு. அது நீன்னு தோணல."

குழாயிலிருந்து தண்ணீர் தொட்டியில் விழுந்துகொண்டிருந்தது. அருள்ஜோதி அதை மூடினாள். திரும்பி அவரை முதல்முறை பார்க்கிறவளைப்போல் பார்த்தாள்.

"ஆமான்னு சொல்லியிருந்தீங்கன்னா நான் விட்டிருப்பேன்" என்றாள்.

"தெரியும்."

"அப்புறம் ஏன்?"

கேட்டுவிட்டு அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அடுப்பு மேடையில் சாய்ந்து நின்றாள். வெளியே ரெஜினின் குரல், பிள்ளைகளின் சிரிப்பு. யாரோ ஹாரனை அடித்துப் பார்த்தார்கள். இருவரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"கை வீங்குது" என்றாள் கடைசியில். "நாளைக்கு ஊசி போட முடியாது."

அவர் அலமாரியிலிருந்து வீக்கத்துக்கான களிம்பை எடுத்துவந்தார். மூடியைத் திறந்து, கொஞ்சம் பிதுக்கி, விரலில் வைத்துக்கொண்டு நின்றார். அவள் கையை நீட்டவில்லை. அவர் கையிலிருந்த களிம்பு டியூபை வாங்கி, இடது கையால், கோணல்மாணலாக, தானே தடவிக்கொள்ள ஆரம்பித்தாள். சகாயராஜ் தன் விரலில் இருந்த களிம்பை என்ன செய்வதென்று தெரியாமல், அவள் முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். அவள் போகச் சொல்லவில்லை.